சிலிக்கான் மேல் ஒளியை வளர்க்கும் படிப்பு

மகள் இயற்பியல் கேட்கிறாள், உறவினர்களோ கணினி அறிவியலை விட்டால் வாழ்க்கையே இல்லை என்கிறார்கள் என்று கலங்கி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் உறவினர்கள் சொல்வது தவறு. பழுதான எல்.இ.டி. விளக்கைப் பிரித்து, இதில் ஒளிர்வது எது என்று தேடும் பிள்ளைக்கு அவர்கள் காட்டும் வழி பொருந்தாது. அவள் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது: சிலிக்கான் மேல், கண்ணுக்குத் தெரியாத நானோ அளவில், ஒளி உமிழ் டையோடுகளை, அதாவது எல்.இ.டி.க்களை, உருவாக்குவது.

கணினிச் சில்லுகளுக்கு அடிப்படையான சிலிக்கான், மின்சாரத்தை ஒளியாக மாற்றுவதில் மிகவும் பின்தங்கியது. காலியமும் நைட்ரஜனும் சேர்ந்த காலியம் நைட்ரைடு நன்றாக ஒளிரும். அதைக் கொண்டு நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்கே அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அதைச் சிலிக்கான் மேல் வளர்க்கும்போது இரண்டின் அணு இடைவெளிகளும் ஒத்துப்போவதில்லை; ஏறத்தாழ 17 விழுக்காடு வேறுபடுகின்றன. சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் வளர்ந்த படலம், ஆறும்போது சிலிக்கானைவிட அதிகம் சுருங்கி, விரிசல் விடுகிறது. காலியம் சிலிக்கானை அரித்துவிடாமலிருக்க இடையே அலுமினியம் நைட்ரைடு அடுக்கு ஒன்றும் தேவைப்படுகிறது. படலமாக அல்லாமல் நானோ கம்பிகளாக வளர்த்தால், பக்கவாட்டில் தளர இடம் கிடைப்பதால் இறுக்கமும் படிகக் குறைகளும் வெகுவாகக் குறைகின்றன. ஆயினும் டையோடு சிறுக்கச் சிறுக்க, எலக்ட்ரான்கள் அதன் பக்கச் சுவர்களில் ஒளி தராமலே வீணாகின்றன. நுண்திரைகளுக்கும், சில்லுகளுக்கிடையே ஒளிவழித் தொடர்புக்கும் தேவைப்படும் இந்த வேலையில் தீராத சிக்கல்கள் நிறைய உள்ளன என்பதே இளையவர்களுக்கு இங்கே இடமிருப்பதற்குக் காரணம்.

அன்றாட வேலை பகட்டானதல்ல. தூசியற்ற அறையில் உடல் முழுவதும் மூடிய உடையோடு நின்று, வாயு ஓட்டத்தையும் வெப்பத்தையும் சிறிது மாற்றி வளர்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, கம்பிகள் சாய்ந்து ஒட்டிக்கிடந்தால் மறுபடி தொடங்க வேண்டும். முனைவர் பட்டம் வரை போனால்தான் இத்துறையின் ஆழம் பிடிபடும். அவசரமாகச் சம்பாதிக்க வேண்டிய குடும்பம் இதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெயருக்காக ஒரு கல்லூரியில் சேர்க்கக் கடன் வாங்காதீர்கள். இளநிலையில் இயற்பியலோ, பொருட்களின் அமைப்பையும் பண்புகளையும் ஆராயும் பொருளறிவியலோ கட்டணம் தாங்கும் இடத்தில் படிக்கட்டும். ஆராய்ச்சிப் படிப்பை உதவித்தொகை கிடைத்தால் மட்டும் ஏற்கட்டும். சேரும் முன், இளநிலை மாணவர்களை ஆய்வகக் கருவிகளைத் தொட விடுவார்களா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். ஒருநாள் அவளை அப்படியொரு ஆய்வகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பார்த்தபின் இது வேண்டாம் என்று அவளே சொன்னால், அதையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.