38 வயதான தற்காப்பு ஆட்டக்காரருக்கு இனி ஓர் அணி கிடைக்குமா?

கேட்டவரின் கவலை இதுதான்: அவர் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஐஸ் ஹொக்கித் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு 38 வயது ஆகிவிட்டது, ஜூன் முடிவோடு ஒப்பந்தம் தீர்ந்துவிட்டது, ஆகஸ்ட் நடுப்பகுதி வந்தும் வட அமெரிக்காவின் முதன்மைத் தொடரான என்.எச்.எல்.இன் எந்த அணியும் அவரை அழைக்கவில்லை. இனி அழைக்குமா?

அழைக்கக்கூடும் என்பதே என் பதில். ஆனால் இதுவரை அவர் யாராக விளையாடினாரோ, அந்த ஆட்டக்காரரை எந்த அணியும் அழைக்காது. ஓராண்டுக்கு மட்டும், அடிமட்டச் சம்பளத்துக்கு, ஆறாவது அல்லது ஏழாவது தற்காப்பு ஆட்டக்காரராக (ஓர் ஆட்டத்தில் வழக்கமாக ஆறு பேர்தான் இறங்குவார்கள், ஏழாமவர் காத்திருப்பவர்) வரச் சம்மதிக்கும் ஒருவரைத்தான் அது தேடும். நாற்பதை நெருங்கிய பிறகும் விளையாடியவர்களை நான் கவனித்த அளவில், பிறந்த ஆண்டைவிட இந்தச் சம்மதமே பல வேளைகளில் விடயத்தைத் தீர்மானித்திருக்கிறது.

நான் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் வசிக்கிறேன். என் மகன் ஆறு வயது முதல் பதினேழு வயது வரை தற்காப்பு வரிசையில் விளையாடினான். அந்தக் குளிர்காலங்கள் அத்தனையிலும், விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவனுடைய ஸ்கேட் நாடாக்களை இறுக்கிக் கட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையில் கோப்பியோடு நின்றிருக்கிறேன். அவனுடைய பயிற்றுநர்களில் ஒருவர் நாற்பதைக் கடந்தவர். இளவயதில் சிறிய தொழில்முறை அணிகளில் விளையாடியவர். ஒரு நாள் அவர் தடுப்போரம் வந்து, "பக்கைப் பார்க்காதீர்கள், பின்னோக்கிப் போகிறவனுடைய இடுப்பைப் பாருங்கள்" என்று என்னிடம் சொன்னார். பக் என்பது மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டு. அன்றிலிருந்து நான் ஹொக்கி பார்க்கும் விதமே மாறிவிட்டது.

தற்காப்பு ஆட்டக்காரர் தன்னை நோக்கி வரும் எதிராளியின் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்குகிறார். தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டைத் தாண்டியதும் எதிராளி சட்டென்று வெளிப்பக்கமாக வேகமெடுத்தால், அவர் இடுப்பைத் திருப்பி அந்தக் கணத்திலேயே முன்னோக்கிப் பாய வேண்டும். எங்கள் பனித்தளத்தில் பையன்கள் அப்படித் திரும்பும்போது 'சர்க்' என்று ஒரே ஒரு வெட்டொலி கேட்கும். அந்தப் பயிற்றுநர் திரும்பும்போது மூன்று சிறு வெட்டொலிகள் கேட்கும். அந்த மூன்றுக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் தொழில்முறை ஆட்டத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு எதிராளி முந்திப்போகும் இடைவெளி. தற்காப்பு ஆட்டக்காரருக்கு முதுமை முதலில் வருவது அவருடைய நேர்வேகத்தில் அல்ல, இந்தத் திரும்பலில்தான். இருந்தும் அந்தப் பயிற்றுநரைத் தாண்டிச் சென்ற பையன்கள் மிகச் சிலரே. அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, மட்டையை நீட்டி உள்வழியை அடைத்து, அவர்களைத் தடுப்போரமாகவே போகவிடுவார். போய் முட்டும் இடத்தில் அவர் ஏற்கெனவே நிற்பார்.

2004-05 பருவம் முழுவதும் என்.எச்.எல். முடங்கி, மறுபடி தொடங்கியபோது இரண்டு மாற்றங்கள் வந்தன. மட்டையால் கொளுவி இழுப்பதற்கும் கையால் பிடித்து வைப்பதற்கும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டிப் பக்கை நீளமாக அனுப்பக் கூடாது என்ற தடையும் நீங்கியது. அதுவரை திரும்புவதில் தாமதித்தவர் எதிராளியின் இடுப்பில் மட்டையைப் போட்டு ஒரு கணம் கடன் வாங்கலாம். அதற்குப் பிறகு அந்தக் கடன் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைய 38 வயதுக்காரருடைய நிலை முந்தைய தலைமுறையின் 38 வயதுக்காரருடையதைவிடக் கடினமானது என்பதை ஒப்புக்கொண்டே மேலே பேச வேண்டும்.

அப்படிக் கடினமான பின்பும் அணி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ ஹாரா பொஸ்டன் அணியின் தலைவராக 14 பருவங்கள் இருந்தவர். 2011இல் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை உயர்த்தியவர். 2020இன் இறுதியில், 43 வயதில், பொஸ்டன் தன் இளைய தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு வழிவிட விரும்பியது. அவருக்கு அங்கே குறைக்கப்பட்ட பங்குதான் காத்திருந்தது. அவர் வாஷிங்டனுக்குப் போனார், ஓராண்டுக்கு 7.95 இலட்சம் டொலர் ஒப்பந்தம். பெருந்தொற்றால் 56 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் அவர் 55 ஆட்டங்களில் இறங்கினார். அடுத்த ஆண்டு, 1997இல் தன்னை முதன்முதலில் களமிறக்கிய நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணிக்கே திரும்பி, மேலும் 72 ஆட்டங்கள் ஆடி, 1,680 ஆட்டங்களோடு நிறுத்தினார். தற்காப்பு ஆட்டக்காரர் எவரும் அதற்கு முன் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. அவர் பணத்தை விட்டுக்கொடுத்தார், நகரத்தை விட்டுக்கொடுத்தார், தலைவர் என்ற அடையாளத்தையும் விட்டுக்கொடுத்தார். ஆட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 206 சென்ரிமீற்றர் உயரமும் அதற்கேற்ற நீண்ட மட்டையும் உள்ள ஒருவருக்குத் திரும்பும் வேகம் குறைந்தாலும் எட்டும் தூரம் குறைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டவரின் ஆட்டக்காரருக்கு அந்த வசதி இல்லாமல் இருக்கலாம்.

எனக்கு நெருக்கமானவர் மார்க் ஜோர்டானோ, ரொறன்ரோவிலேயே பிறந்தவர். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் இளையோர் தெரிவில் எந்த அணியும் எடுக்காத அவர், இடையில் ஒரு பருவம் மொஸ்கோவுக்குப் போய் விளையாடிவிட்டுத் திரும்பி, கல்கரி அணியின் தலைவராகி, 2019இல் 35 வயதில் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நொரிஸ் விருதை வென்றார். அப்போது அவருடைய ஒப்பந்தம் ஆண்டுக்கு 67.5 இலட்சம் டொலர். 2022இல் சொந்த ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸுடன் அவர் கையெழுத்திட்டது ஆண்டுக்கு 8 இலட்சம் டொலருக்கு. நாற்பதாவது வயதில் தொடரிலேயே மூத்த ஆட்டக்காரராக அவர் பனியில் இறங்கியபோது, நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய கழுத்தை. தன் கோலுக்குப் பின்னால் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும்போது, அதைத் தொடுவதற்கு முன் இடது தோளுக்கு மேலாக ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலாக ஒரு பார்வை. அதன் பிறகு, யாரும் தன்னை வந்து இடிப்பதற்கு அரைக் கணம் முன்னதாக, பக்கை நண்பனின் மட்டைக்கு அனுப்பிவிடுவார். அந்த இரண்டு பார்வைகளுக்குத்தான் அணிகள் இன்னும் பணம் கொடுக்கின்றன.

பணத்தின் கணக்கு முதிய ஆட்டக்காரருக்குச் சாதகமாகவும் இருக்கிறது, பாதகமாகவும் இருக்கிறது. ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு 2025-26 பருவத்தில் 9.55 கோடி டொலர். 23 பேர் கொண்ட அணியில் நான்கைந்து நட்சத்திரங்கள் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பின், கடைசி வரிசைக்கு மிஞ்சுவது சில்லறைதான். அந்தச் சில்லறைக்கு அனுபவத்தை வாங்க முடிந்தால் எந்த முகாமையாளரும் மறுக்கமாட்டார். மேலும், 35 வயதைக் கடந்தவர் ஓராண்டு ஒப்பந்தம் செய்தால், அடிப்படைச் சம்பளத்தைத் தாழ்வாக வைத்து, ஆடிய ஆட்டங்களுக்கு ஏற்ப ஊக்கத்தொகை தரும் வழியைத் தொடரின் விதிகள் அனுமதிக்கின்றன. 2024இல் டல்லஸ் அணி மீதி ஒப்பந்தத்தைத் தீர்த்து விடுவித்த ரயன் சூட்டர் அப்படித்தான் 7.75 இலட்சம் டொலர் அடிப்படையில் சென்ற் லூயிஸ் அணிக்குப் போய், அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் விளையாடினார். பருவத்தின் இடையில்தான் அவருக்கு நாற்பது வயது நிறைந்தது. 2025 ஜூலையில் 40 வயதான பிரென்ற் பேர்ன்ஸும் இதே வகையான ஓராண்டு ஒப்பந்தத்தில் கொலராடோவுக்குச் சென்றார். ஆனால் அதே வயதுக்காரர் பல ஆண்டு ஒப்பந்தம் கேட்டால், ஒப்பந்தத்தின் அமைப்பைப் பொறுத்து, அவர் இடையில் ஓய்வுபெற்றாலும் அந்தத் தொகை அணியின் கணக்கிலேயே நிற்கக்கூடும். ஆகவே இரண்டாவது ஆண்டைக் கேட்பவர்களுக்குத் தொலைபேசி ஒலிப்பது அரிது.

ஏழாவது ஆளாக முதியவர் ஒருவரை வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்வையாளர் பலருக்கு அது தெரிவதில்லை. இருபத்தொரு வயது இளைஞனை வாரக்கணக்கில், ஆடாதவர்கள் இருக்கும் மேல்மாடத்தில் உட்காரவைத்தால் அவன் கற்றுக்கொள்வது நின்றுவிடும். அவனை அடுத்த நிலைத் தொடரான அமெரிக்கன் ஹொக்கி லீக்குக்கு அனுப்பி, இரவுக்கு இருபது நிமிடங்கள் விளையாடவைப்பதே அணிக்கு நல்லது. மேலே காத்திருக்க வேண்டியவர், காத்திருப்பதால் வளர்ச்சியை இழக்காத ஒருவர். மூன்று வாரங்கள் விளையாடாமல் இருந்து, திடீரென்று ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்த அன்று இறங்கி, பன்னிரண்டு நிமிடங்கள் பிழையின்றி ஆட வேண்டும். முதிய உடலுக்கு இது இளைஞனைவிடக் கடினம். விட்டுவிட்டு ஆடும்போது தசை இறுகிவிடும். அதற்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் பொறுமைதான் வேலை.

ஜாக் ஜோன்சன் இதற்குச் சரியான உதாரணம். 2005 தெரிவில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர். 2021 கோடையில் அவருக்கு ஒப்பந்தமே இல்லை. பருவத்துக்கு முந்தைய கொலராடோவின் பயிற்சி முகாமுக்கு 'பி.டி.ஓ.' எனப்படும் தேர்வு ஒப்பந்தத்தில், அதாவது எந்த உறுதியும் இல்லாமல் திறமையைக் காட்டும் வாய்ப்புக்காக மட்டும் போனார். அங்கே இடம் பெற்று ஓராண்டு ஒப்பந்தம் செய்தார். அடுத்த வசந்தத்தில் இறுதிச் சுற்றுகளின் நடுவே சாமுவேல் ஜிரார்டுக்கு மார்பெலும்பு முறிந்தபோது அணிக்குக் கைகொடுக்க அவர் இருந்தார். ஜூன் மாதம் ஸ்டான்லி கிண்ணத்தைக் கையில் ஏந்தினார். ஆகஸ்டில் தொலைபேசி மௌனமாக இருப்பது முடிவல்ல என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். ஜூலையில் அழைப்பு வராத முதியவர்களுக்குச் சந்தை செப்ரெம்பரில், முகாமில் முதல் இளைஞன் காயப்படும்போது திறக்கிறது.

இன்னொன்று, அணிகளின் எண்ணிக்கை. 1967இல் என்.எச்.எல். ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாக விரிந்தபோது, வீட்டுக்குப் போக வேண்டியிருந்த முதியவர்களுக்கு வேலை கிடைத்தது. அலன் ஸ்டான்லியை ரொறன்ரோவின் முதியவர்கள் இன்னும் பேசுவார்கள். 1967 மே 2, இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ரொறன்ரோ 2-1 என முன்னணியில். ஒரு நிமிடம்கூட மீதியில்லை. தாக்குதலுக்கு இன்னோர் ஆளைச் சேர்க்க மொன்றியல் தன் கோல் காவலரை வெளியே எடுத்துவிட்டது. ஆட்டத்தை மறுபடி தொடங்க இருவருக்கு நடுவே பக் போடப்படுவது ரொறன்ரோவின் கோலுக்குப் பக்கத்தில். பயிற்றுநர் பஞ்ச் இம்லாக் மொன்றியலின் ஜோன் பெலிவோவுக்கு எதிரே நிறுத்தியது 41 வயதுத் தற்காப்பு ஆட்டக்காரரான ஸ்டான்லியை. அவர் பக்கைப் பின்னால் இழுத்துவிட்டு, பெலிவோவின் வழியில் தன் உடம்பை வைத்தார். பக் 39 வயது ரெட் கெல்லிக்குப் போய், பொப் புல்போர்டுக்குப் போய், ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங்கின் மட்டையிலிருந்து வெறும் கோலுக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு இந்த நகரம் அந்தக் கிண்ணத்தைக் காணவில்லை. அந்த ஸ்டான்லிக்கு, புதிய அணியான பிலடெல்பியாவில் 42 வயதில் இன்னொரு பருவம் கிடைத்தது.

அன்று அவரோடு அணியில் இருந்த இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர் டிம் ஹோர்டன். நம்மவர்கள் காலையில் கோப்பி வாங்க வரிசையில் நிற்கும் கடையின் பெயர் அவருடையது. 1964இல் ஹமில்டனில் அவர் பெயரில் முதற்கடை திறந்தது. ஸ்காபரோவில் அந்தப் பெயரைத் தினமும் உச்சரிக்கும் பலருக்கு அவர் ஓர் ஆட்டக்காரர் என்பதே தெரியாதது எனக்கு உண்மையாகவே வருத்தம். நாற்பதை அண்டிய வயதில் ரொறன்ரோ அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. நியூயோர்க், பிட்ஸ்பேர்க் வழியாக பஃபலோவுக்குப் போனார். 1974 பெப்ரவரியில், 44 வயதில், ரொறன்ரோவில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு இரவில் பஃபலோவுக்குக் காரோட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். இறந்த நாளிலும் அவர் ஓர் என்.எச்.எல். அணியின் ஆட்டக்காரர்தான்.

என்.எச்.எல். கதவு சாத்தப்பட்டாலும் வேறு கதவுகள் உண்டு. டெட்ராயிட் விட்டுவிட்ட பின் கிறிஸ் செலியோஸ் தன் பிறந்த ஊரான சிக்காகோவின் சிறு தொடர் அணியில் இளைஞர்களோடு பேருந்தில் பயணித்து ஆடினார். 2010இல், 48 வயதில், அட்லாண்டா அவரை மேலே அழைத்து ஏழு ஆட்டங்கள் தந்தது. சுவிட்சர்லாந்து, சுவீடன், ஜெர்மனி அணிகளும் உண்டு. ஆனால் அங்கே பனித்தளம் பெரும்பாலும் அகலமானது. திரும்பும் வேகம் குறைந்தவருக்கு அது ஓய்விடம் அல்ல. ஐரோப்பாவுக்குப் போனால் எளிது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை.

ஆகவே கேட்டவருக்கு என் யோசனை: செப்ரெம்பர் முகாம்களின் அழைப்புப் பட்டியல்களைப் பாருங்கள். உங்கள் ஆட்டக்காரர் வலக்கையால் அடிப்பவர் என்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல், ஏனெனில் அத்தகைய தற்காப்பு ஆட்டக்காரர்கள் எப்போதும் பற்றாக்குறை. தண்டனையால் தன் அணியில் ஆள் குறைந்து எதிரணிக்கு ஓர் ஆள் அதிகமாக இருக்கும் நிமிடங்களில் அவரை நம்பி இறக்கினார்களா என்று அவருடைய கடந்த பருவத்தைத் திரும்பிப் பாருங்கள்; அந்த நிமிடங்கள் இருந்தால் யாரோ ஒருவர் அவரை நினைவில் வைத்திருப்பார். பழைய புகழ் முழுவதும் எதிரணிக்கு ஆள் குறைந்த வேளையில் நீலக் கோட்டிலிருந்து அடித்த கோல்களால் வந்தது என்றால், அந்த இடத்துக்கு ஒவ்வொரு அணியிலும் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் ஏற்கெனவே நிற்கிறான். முகாமுக்கு அழைக்கப்பட்டால், முதல் பயிற்சி ஆட்டத்தின் பிற்பகுதியில் அவர் களைத்திருக்கும்போது, ஒருவன் வெளிப்பக்கமாக வேகமெடுக்கும் தருணத்துக்காகக் காத்திருங்கள். அப்போது அவருடைய இடுப்பைப் பாருங்கள்.