கேள்வி பதில்: ஜார்ஜ் ஃபோர்மேனின் இரண்டாவது பயணம்

கேள்வி: முகமது அலியிடம் பட்டத்தை இழந்த குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன், 20 ஆண்டுகள் கழித்து 45 வயதில் மீண்டும் உலக ஹெவிவெயிட் சாம்பியனானார். ஒன்பது சுற்றுகள் வரை பின்தங்கியிருந்தவர் பத்தாவது சுற்றில் விழுந்த குத்தால் வென்றதை வெறும் அதிர்ஷ்டம் என்கிறார் என் நண்பர். அது சரியா?

பதில்: சரியில்லை என்றே நினைக்கிறேன். 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகஸில் ஃபோர்மேனை எதிர்கொண்ட மைக்கேல் மூரர் 26 வயது இளைஞர். ஆடிய 35 போட்டிகளிலும் வென்றவர். அதே ஆண்டு இவாண்டர் ஹோலிஃபீல்டைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றவர். வேகத்தில் அவரோடு போட்டியிட முடியாது என்பது ஃபோர்மேனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மூரர் இடக்கை வீரர். வலக்கை வீரர் ஒருவர் இடக்கை வீரரை எதிர்கொள்ளும்போது, நேராகச் செலுத்தும் வலக்கைக் குத்துக்கு வழி திறந்திருக்கும். ஃபோர்மேன் அவசரப்படாமல் இடக்கையால் ஜாப் எனப்படும் நேரான, விரைவான குத்தைத் தொடர்ந்து நீட்டிக்கொண்டே வந்தார். விலகி நகரும்படி பயிற்சியாளர் எச்சரித்தும், மூரர் மெல்ல மெல்ல அவருக்கு நேர் எதிரே நிற்கப் பழகிவிட்டார். மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் ஃபோர்மேன் பின்தங்கியிருந்தபோதுதான், குறுகிய தூரத்திலிருந்து வந்த அந்த வலக்கை மூரரின் தாடையில் இறங்கியது. பத்து எண்ணி முடிக்கும்வரை அவரால் எழ முடியவில்லை.

அந்தப் பொறுமை இளமையில் ஃபோர்மேனிடம் இருந்ததில்லை. 1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, மறு ஆண்டே தொழில்முறைக்கு வந்தவர், 1973-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு கென் நார்ட்டனும் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. எல்லாப் போட்டிகளும் இப்படிச் சீக்கிரமே முடிந்துவிட்டால், ஒரு வீரர் தன் மூச்சைச் சேமிக்கக் கற்றுக்கொள்வதே இல்லை. இதை நான் ஒரு குறையாகவே பார்க்கிறேன். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்ற அலி, ஃபோர்மேன் தன் வலிமையை எல்லாம் குத்துகளாகக் கொட்டித் தீர்க்கும்வரை காத்திருந்து, எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். அதுவரை 40 போட்டிகளில் தோல்வியே அறியாத ஃபோர்மேனுக்கு அப்போது வயது 25.

1977-இல் ஜிம்மி யங்கிடம் புள்ளிகளில் தோற்றபின், உடை மாற்றும் அறையில் தனக்கு நேர்ந்ததை இறையனுபவம் என்று நம்பி, அவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போதகரானார். ஹூஸ்டனில் தாம் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் 1987-இல், 38 வயதில், உடல் பெருத்த நிலையில் மேடைக்குத் திரும்பினார். அதன்பின் தொடர்ந்து பெற்ற 24 வெற்றிகளில் பல, வலுவற்ற எதிராளிகளுக்கு எதிரானவை என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் 1991-இல், 42 வயதில், ஹோலிஃபீல்டுக்கு எதிராகப் பன்னிரண்டு சுற்றுகளும் நின்று, புள்ளிகளில் மட்டுமே தோற்றார். இருபத்தைந்து வயதில் எட்டாவது சுற்றிலேயே ஓய்ந்துபோனவர் அவர். உங்கள் நண்பருக்கு நான் காட்ட விரும்பும் சான்று மூரர் போட்டியைவிட இந்தத் தோல்விதான்.

கேள்வி: மூரருடன் மோதியபோது, அலியிடம் தோற்ற அன்று அணிந்திருந்த அதே கால்சட்டையைத்தான் ஃபோர்மேன் அணிந்திருந்தாராமே?

பதில்: உண்மைதான், அதே சிவப்புக் கால்சட்டை. கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற அவருடைய பயிற்சியாளர் ஏஞ்செலோ டன்டி, லாஸ் வேகஸில் ஃபோர்மேனின் மூலையில் நின்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 37 வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தொழில்முறைக் குத்துச்சண்டையை விட்டேன். ஃபோர்மேனைப் பார்த்தபின் மீண்டும் களமிறங்க ஆசை வந்திருக்கிறது. முயலலாமா?

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆயினும், ஃபோர்மேனின் பக்கத்தில் அலியையும் வைத்துப் பாருங்கள். ஓய்வை முறித்துக்கொண்டு 1980-இல் லாரி ஹோம்ஸை எதிர்கொண்டபோது அலிக்கு 38 வயது. பத்துச் சுற்றுகள் அவர் வாங்கிய அடியைப் பார்த்து, அதே டன்டிதான் போட்டியை நிறுத்தினார். அடுத்த ஆண்டு இன்னொரு போட்டியிலும் அலி தோற்றார். 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. ஃபோர்மேன் பத்து ஆண்டுகள் தலையில் ஒரு குத்துக்கூட வாங்காமல் இருந்தவர். திரும்பி வந்தபின்னும், பழைய சாம்பியன் ஆர்ச்சி மூரைப் போல முகத்துக்கு முன்னே கைகளைக் குறுக்காக மடித்துத் தற்காத்தவர். மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து, உங்களுக்கு எத்தனை முறை நாக் அவுட் நேர்ந்தது என்பதை மறைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, அவர் அனுமதித்த பிறகு மட்டுமே பயிற்சிச் சண்டையைப் பற்றி யோசியுங்கள். அவர் வேண்டாமென்றால் இன்னொரு மருத்துவரைத் தேடி அலையாதீர்கள்; பயிற்சியாளராக உங்களுக்கு வேலை இருக்கிறது. 1997-இல், 48 வயதில், ஷானன் பிரிக்ஸிடம் புள்ளிகளில் தோற்றபோது, வெற்றி ஃபோர்மேனுக்கே உரியது என்று பலர் வாதிட்டார்கள். அதன்பின் அவர் மேடை ஏறவே இல்லை.