கம்பஸ் மெயிலில் பதிவெண்ணுக்குப் பதில் பெயர் காட்ட முடியுமா? மாற்று முகவரியும் வாங்க முடியுமா?

முடியும். உங்கள் கொழும்பு கம்பஸ் கணக்கு ஜிமெயிலில் இயங்குவதால், கணினியில் செட்டிங்ஸ், அப்புறம் அக்கவுண்ட்ஸ் போய், ‘சென்ட் மெயில் ஆஸ்’ வரியில் ‘எடிட் இன்ஃபோ’வை அழுத்துங்கள். போன் செயலியில் இந்த வசதி இல்லை. கம்பஸ் மெயில் நிர்வாகி இதைப் பூட்டியிருந்தால் ஐடி பிரிவுக்கு எழுதுவதுதான் வழி.

முதலெழுத்தோடு உங்கள் சொந்தப் பெயரையே போடுங்கள். ‘சிவலிங்கம் கவிதா’ என்று போட்டால் விரிவுரையாளர் ‘டியர் சிவலிங்கம்’ என்று அப்பாவின் பெயரில் பதில் எழுதிவிடுவார். எனக்கு அப்படி நடந்தது, மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் கேட்ட மாற்று முகவரி, அதாவது அதே கணக்குக்கு இன்னொரு மெயில் முகவரி, வேறு விஷயம். கம்பஸ் டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) அதை நிர்வாகிதான் உருவாக்க முடியும், ஒரு கணக்குக்கு 30 வரை. அஞ்சல் எல்லாம் அதே பெட்டிக்கே வரும். சங்க வேலைக்கு ஒன்று வாங்கினால், ‘வந்த முகவரியிலிருந்தே பதில் அனுப்பு’ என்ற தெரிவையும் மறக்காமல் போடுங்கள்.