கிளிப்பச்சைச் சுவரும் மயிலை மாடும்

அண்ணா, வணக்கமுங்க.

அவிநாசிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. வடக்குப் பார்த்த வீடு. ஹால் 16க்கு 11 அடி, உயரம் 10. வடக்கே வாசக்காலும் ஒரு ஜன்னலும், மேற்கே 11 அடிச் சுவரில் இன்னொரு ஜன்னல். இயற்கையாக, மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நாலு சுவருக்கும் இளம்பச்சை அடித்தோம். கார்டில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது உள்ளே நுழைந்தாலே ஏதோ அமுக்குகிற மாதிரி இருக்கிறது. ராத்திரி இரண்டு எல்.இ.டி. டியூப் போட்டால் எல்லார் முகமும் வெளிறித் தெரிகிறது. தரை பளபளப்பான வெள்ளை டைல்ஸ். அழகுக்குப் பிளாஸ்டிக் கொடி தொங்கவிட்டோம், அது தூசி அடைந்து கிடக்கிறது. மேற்குச் சுவரில் கீழிருந்து 2 அடி உயரத்துக்கு உப்புப் பூத்து பெயிண்ட் பொரிந்து வருகிறது.

மறுபடி பெயிண்ட் அடிக்கலாம் என்று இருக்கிறோம். மாமியார் சந்தன நிறம் என்கிறார், வீட்டுக்காரர் வான நீலம் என்கிறார். கையில் 40,000 ரூபாய்தான் இருக்கிறது. எந்த நிறம் அடித்தால் வீடு அமைதியாக இருக்கும்? சொல்லுங்கண்ணா.

ஒரு வாசகி, அவிநாசி

அன்புள்ள அம்மணி,

கேட்டது நிறத்தைப் பற்றி. ஆனால் நிறத்துக்கு முந்தி முடிக்க வேண்டிய வேலை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உப்புச் சுவரையும் டியூப்லைட்டையும் அப்படியே விட்டுவிட்டுச் சந்தனம் அடித்தாலும் நீலம் அடித்தாலும், அடுத்த வருஷம் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

முதலில் அந்தப் பச்சை ஏன் அமுக்குகிறது என்று பார்ப்போம். கோபிப் பக்கத்து நெல்வயல் கண்ணுக்கு இதம் தருவது பச்சையாக இருப்பதால் மட்டும் இல்லை. வயல் தரையோடு படுத்திருக்கிறது, மேலே முழுக்க வானம். காற்று அடித்தால் ஒரு தாளின் பச்சை பக்கத்துத் தாளில் இருக்காது. அதே பச்சையை ஒரே சீராகக் குழைத்து நாலு பக்கமும் செங்குத்தாக நிறுத்தினால் அது வயலாகாது. போதாததற்கு, சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் பச்சையாகவே போகிறது, அங்கிருந்து இன்னும் பச்சையாகத் திரும்புகிறது. கார்டில் 2 அங்குலச் சதுரத்தில் இளசாகத் தெரிந்த நிறம் அறையில் ஏறித் தெரிவது இதனால்தான். பளபளக்கும் வெள்ளைத் தரை அந்தப் பச்சையைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. எந்த நிறம் எடுத்தாலும், கார்டில் பிடித்ததைவிட இரண்டு படி வெளுத்ததை, கொஞ்சம் சாம்பல் கலந்ததை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம் பக்கத்து வீடுகளில் பச்சையே இல்லாமல் இல்லை. அது வாசலில் இருந்தது. சாணி மெழுகிக் காய்ந்த வாசலின் பச்சை: மங்கல், பாதி மண். சுவருக்கு அது பெரும்பாலும் ஏறவில்லை.

இயற்கையிலிருந்து நிறம் எடுப்பதென்றால் இலையைப் பார்ப்பதைவிட அளவைப் பார்ப்பது முக்கியம். பங்குனியில் காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) ஓரம் நின்று பாருங்கள். பெரும்பரப்பு செம்மண்ணும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும். அங்கங்கே வெள்வேல மரத்தின் வெளிறிய அடிமரம். இலைப்பச்சை கொஞ்சம்தான். மூலனூர்ப் பக்கம் கிளுவை மேல் படர்ந்த கண்வலிக்கொடி, அதாவது செங்காந்தள், பூக்கும் பருவத்தில் போனால், அந்தச் சிவப்பும் மஞ்சளும் ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் தெரியும், ஆனால் கண் நேரே அங்கேதான் போகும். பெரும்பங்கு மங்கல், கொஞ்சம் மண், துளி எடுப்பு. இந்தக் கணக்கைத்தான் ஹாலுக்குள் கொண்டுவர வேண்டும். இதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர்கள் தேவையில்லை. மாட்டு நிறத்துக்கு நம்மிடம் இருக்கும் சொற்களே போதும்: மயிலை (சாம்பலோடிய வெள்ளை), செவலை (செம்மண் சிவப்பு), காரி (கறுப்பு). மயிலைப் பசுவின் வயிற்றுப் பக்கத்து வெளுப்பு பால் வெள்ளை இல்லை, சாம்பலும் இல்லை. உங்கள் சுவருக்கு அதுதான். செவலை ஒரே ஒரு இடத்தில். காரி கம்பி அளவுக்கு, அதாவது ஜன்னல் கிரில்லுக்கும் தரையோரப் பட்டைக்கும்.

இனி உப்புச் சுவர். அதில் பட்டி பார்த்து மேலே ‘டாம்ப் புரூஃப்’ அடித்துத் தருகிறேன் என்று பெயிண்டர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வந்து காய்கிறது. பெயிண்ட் படலம் வழியை அடைத்தால் உப்பு அதன் பின்னாலேயே படிகமாகித் தள்ளும். பொரிவது அப்படித்தான். நம் ஊரில் போர் போட்ட சப்பை (உவர்ப்பு) தண்ணீரிலேயே கலவை குழைத்து, அதையே ஊற்றிக் க்யூரிங் செய்வதால் சுவரில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஈரம் வந்தால் போதும், அது கிளம்பிவிடும்.

ஒரு சோதனை. பொரிந்த இடத்துக்குச் சற்று மேலே ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்துதான். அப்புறம் வெளியே போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரை ஒட்டி மண் மேடு ஏறியிருக்கிறதா? பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறீர்களா? ஏ.சி. அல்லது வாஷிங் மெஷின் தண்ணீர் அங்கே விழுகிறதா? வெளி மண் உள்தரை மட்டத்தைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். பாதி வீடுகளில் வியாதி இங்கேதான்.

காரணத்தை நிறுத்திய பிறகு, பொரிந்த உயரத்துக்கு மேல் இன்னும் ஓர் அடி சேர்த்து, அதாவது 3 அடிவரை, பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். கழுவினால் அது மறுபடி கரைந்து உள்ளே போகும். மாசி, பங்குனியில் 4 முதல் 6 வாரம் சுவரைத் திறந்தே விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், விருந்தாளிகள் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்த பூச்சு, ஒரு விரல் கனத்துக்கு இரண்டு தடவையாக. குழைக்க ஆற்றுத் தண்ணீர். சிமெண்ட் பூச்சு வைத்தால் ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு நாலாவது அடியில் வெளியே வரும்.

இந்த ஒரு சுவருக்குப் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். மூச்சு விடும் பூச்சு அது. செவலைக்கான இடமும் இதுதான். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. ஆகையால் 3 அடிக்கு மேலே இருக்கும் பச்சையையும் பட்டியையும் பூச்சு தெரியச் சுரண்டியாக வேண்டும். ஜன்னல் போக ஏறக்குறைய 90 சதுர அடி. இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு 3 கிலோ, தண்ணீர் 9 லிட்டர், பால் பதத்தில் கரைத்துப் பழைய வேட்டியில் வடிகட்டுங்கள். மஞ்சள் ஆக்சைடு 80 கிராம், ரெட் ஆக்சைடு 40 கிராம் இரண்டையும் தனியாக வெந்நீரில் குழைத்துச் சேர்க்க வேண்டும். நேரே கொட்டினால் சுவரில் கோடு கோடாக இழுக்கும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி ஆக்சைடு போனால் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக, நாளுக்கு ஒன்றாக நாலு பூச்சு. ஒரே நாளில் கெட்டியாக இரண்டு அடித்து முடிப்பவர்தான் சட்டையில் ஒட்டும் சுவரைக் கொடுத்துவிட்டுப் போவார். மேற்குச் சுவர் சாயங்காலம் வெயில் ஏறிச் சுட்டுக் கிடக்கும். விடிகாலையில் அடியுங்கள். ஆடிக்காற்றில் இந்த வேலையே ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், சுண்ணாம்பு இறுகுவதற்குள் தூளாகிவிடும். ஈரத்தில் அடர்ந்த செங்கல் நிறமாகத் தெரிந்து பயமுறுத்தும். காய்ந்தால் பாதிக்கு மேல் வெளுக்கும். ஓர் ஓரத்தில் அடித்து மூன்று நாள் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கல்சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதானால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் கிட்டே போகக் கூடாது.

மற்ற மூன்று சுவருக்கும் மேட் எமல்ஷன். பளபளப்பு வகை வேண்டாம், தரையே போதுமான அளவு பளபளக்கிறது. மூன்று சுவரும் சேர்ந்து, கதவு ஜன்னல் போக, ஏறக்குறைய 360 சதுர அடி. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 120 சதுர அடி என்று வைத்தால் இரண்டு பூச்சுக்கு 6 லிட்டர். அதற்கு முன் பச்சை மேல் ஒரு பூச்சு பிரைமர் கட்டாயம். மிச்சம் பிடிக்க நினைத்து அதை விட்டால் மயிலைக்கு அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும், மூன்றாவது பூச்சுக்குச் செலவாகும்.

ஒவ்வொரு நிறமும் ஒளியை எவ்வளவு திருப்பும் என்பதற்கு ‘எல்.ஆர்.வி.’ என்று ஓர் எண் உண்டு, கடையில் கேட்டுப் பாருங்கள். சுவருக்கு 65 முதல் 70. எண்பதுக்கு மேல் போனால் மேற்கு வெயிலில் கண் கூசும். சின்ன டப்பா வாங்கி 2 அடிக்கு 2 அடி அட்டையில் இரண்டு பூச்சு அடித்து, காலை 8 மணி, நண்பகல், சாயங்காலம் 5 மணி, விளக்கு போட்ட பிறகு என்று நாலு வேளை பாருங்கள். பச்சைச் சுவரிலேயே திட்டாக அடித்துப் பார்க்காதீர்கள். பச்சைக்குப் பக்கத்தில் எந்த மங்கல் நிறமும் ரோஸ் அடித்தாற்போலத் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள்.

மாமியார் சொன்னது கிட்டத்தட்டச் சரி. ஆனால் கடைச் சந்தனத்தில் மஞ்சள் தூக்கல், இரவு விளக்கில் கல்யாண மண்டபம் ஆகிவிடும். அதையே பாதி அழுத்தத்தில் கலக்கச் சொல்லி, துளி சாம்பல் சேர்த்தால் நான் சொல்லும் மயிலைக்கு வந்துவிடும். நீலம் இந்த அறைக்கு ஒத்துவராது. சாயங்கால மஞ்சள் வெயில் விழுந்தால் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். கிழக்குப் பார்த்த அறை இருந்தால் வீட்டுக்காரருக்கு அதைக் கொடுங்கள்.

வெளிச்சம். உங்கள் டியூப் அநேகமாக 6500 கெல்வின், ‘கூல் டேலைட்’ என்று அச்சிட்டிருக்கும். கெல்வின் வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். உச்சி நேரத்து வானத்து வெளிச்சத்தை ராத்திரி எட்டு மணிக்கு உத்தரத்திலிருந்து கொட்டுகிறது. முகம் வெளிறுவது பாதி அதனால், பாதி சுவரால். 3000 கெல்வின் பல்பு வாங்குங்கள். நிறங்காட்டும் எண் ‘சி.ஆர்.ஐ.’ 90 என்று போட்டிருந்தால் நல்லது. இரண்டை மேலேயும், இரண்டைச் சுவரில் ஐந்தரை அடி உயரத்திலும் வையுங்கள். படிக்கும் மேசைக்கு மட்டும் 4000.

மேற்கு ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடு சாயங்கால வெயிலை மறைக்காது, வெயில் அதற்குக் கீழே சாய்ந்து வரும். உள்ளே திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள்தான் நிற்கும். மூங்கில் தட்டியை வெளியே தொங்கவிடுங்கள். அல்லது சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் கம்பிப் பந்தல் அடித்து ரங்கூன் மல்லி ஏற்றுங்கள். செடியின் வேர்ப் பாத்தி சுவரை ஒட்டி வரக் கூடாது, உப்புக் கதை மறுபடி ஆரம்பிக்கும். வடக்கு வெளிச்சம் எப்போதும் குளிர்ச்சி என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் 2 அடிச் சன்ஷேடு வேண்டும்.

பிளாஸ்டிக் கொடியைக் கழற்றிவிடுங்கள். 1984இல் ரோஜர் அல்ரிச் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வை இயற்கை அலங்காரம் விற்பவர்கள் அடிக்கடி இழுப்பார்கள். பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் ஜன்னல் வழி மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்பது அது. அதில் பேச்சு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தைப் பற்றி, சுவரில் ஒட்டிய இலைப் படத்தைப் பற்றி அல்ல. வடக்கு ஜன்னலுக்கு எதிரே, கண் போகும் இடத்தில் ஒரு புங்கன் கன்று வையுங்கள், சுவரிலிருந்து 15 அடி தள்ளி. உள்ளே இரண்டு தொட்டி போதும், மணி பிளாண்டும் மருளும் (ஸ்நேக் பிளாண்ட்). செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று இருபது தொட்டி அடுக்க வேண்டாம். 1989இல் நாசா செய்த சோதனை மூடிய பெட்டிக்குள் நடந்தது, ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பொள்ளாச்சியிலிருந்து வரும் நார்க்கழிவுக் கட்டியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்துவிடுங்கள், அதிலும் உப்பு உண்டு, இலை நுனி கருகும்.

தரையை உடைக்கப் பணமில்லை, தேவையும் இல்லை. நடு ஹாலில் ஒரு பவானி ஜமக்காளம் விரியுங்கள், கோடு போட்டது, கண்ணைப் பறிக்கும் நிறத்திலேயே வாங்குங்கள். கண்வலிப் பூவின் இடம் அதற்கு. அதை விரித்த பிறகு எடுப்பான மெத்தை உறை, குஷன் எதுவும் வேண்டாம். திரைக்குக் காடா மாதிரி சாயம் ஏறாத பருத்தி.

பணத்தை உப்புச் சுவருக்கு முதலில் ஒதுக்குங்கள், அடுத்து பல்புக்கும் தட்டிக்கும், மிஞ்சியது பெயிண்டுக்கு. பல்பை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடலாம், பச்சையின் கசப்பு பாதி குறைவது உடனே தெரியும். பிளாஸ்டிக் தாளை ஒட்டி இரண்டு நாள் கழித்து, நீர் எந்தப் பக்கம் கோத்திருந்தது என்று எழுதுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் உலர்ந்து, அறைப் பக்கம் ஈரமாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். அது வேறு வைத்தியம்.

அன்புடன்.