பெயர் தெரியாத வைஃபை யாருடையது? நெரிசலை எப்படிக் குறைப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சுவரை ஒட்டிய இரட்டை வீடு, பட்டியலில் தெரியாத வைஃபை பெயர்கள், மாலையானால் வேகம் படுத்துவிடுகிறது என்கிறீர்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் அயலார் ரூட்டர்கள் என்று எண்ண வேண்டாம். மின்வெட்டுக்குப் பயந்து வாங்கிய சோலார் இன்வெர்ட்டர், பிரிண்டர், தொலைக்காட்சி ஆகியவையும் தமக்கென ஒரு வைஃபையைப் பரப்பக்கூடும். கைபேசியில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து வீட்டுக்குள் நடந்து பாருங்கள். ஒரு பெயரின் சிக்னல் வலிமை மைனஸ் 80 டிபிஎம்மிலிருந்து (சிக்னலை அளக்கும் அலகு) மைனஸ் 40ஐ நோக்கி ஏறினால் கருவி அருகில்தான் இருக்கிறது. மேக் முகவரியின், அதாவது கருவியின் அடையாள எண்ணின், முதல் 6 குறிகள் பெரும்பாலும் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது அதைவிட உறுதியான வழி.

வேகத்துக்கு, ரூட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையின் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, 1, 6, 11 ஆகிய சேனல்களில் (அலைக்கற்றையின் உட்பிரிவுகள்) நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சேனல் 3 காலியாகத் தெரிகிறதே என்று அங்கே குடியேறாதீர்கள். ஒரே சேனலில் உள்ள ரூட்டர்கள் முறைவைத்துப் பேசும். பாதி மேற்படிந்த சேனல்களிலோ ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு வெறும் இரைச்சல். ரூட்டரின் மற்றொரு அலைக்கற்றையான 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும். பக்கத்து வீட்டுத் தொல்லைக்கு அந்தப் பலவீனமே மருந்து. தொலைக்காட்சியையும் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் மட்டும் பெரும்பாலும் 2.4ஐ விட்டு வராது.