பத்தொன்பது பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஒரு சட்ட நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். கடைசி ஐந்து ஆண்டுகள் சம்பளம் வாங்கும் பங்குதாரராக. இப்போது இன்னொரு பெரிய நிறுவனம் பங்குதாரராக வரச்சொல்லி அழைக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வருமானம் உறுதி, அதற்குப்பின் லாபத்தில் பங்கு. மூலதனமும் போடவேண்டும். என் கட்சிக்காரர்களில் யார் யார் என்னோடு வருவார்கள், ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் வரும் என்று எழுதிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். என் ஜூனியர்கள் இருவரும் கூடவே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வளர்த்த இடத்தை விட்டுப்போவது துரோகமோ என்று தூக்கம் வருவதில்லை. நீங்களும் வழக்கறிஞராக இருந்தவர்தானே. போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துரோகம் என்ற சொல்லை முதலில் தூக்கிப்போடுங்கள். உழைத்தீர்கள், சம்பளம் வாங்கினீர்கள், கணக்கு நேர். நாளைக்கு உங்கள் பிரிவு லாபம் தரவில்லை என்றால் அங்கே யாரும் தூக்கமில்லாமல் புரளப்போவதில்லை.

வருமான உறுதியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2012இல் அமெரிக்காவில் திவாலான ட்யூயி அண்ட் லெபாஃப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் இருந்த நிறுவனம். பங்குதாரர்கள் பலருக்கு இத்தனை வருமானம் நிச்சயம் என்று எழுதிக்கொடுத்திருந்தது. லாபம் அந்த அளவுக்கு வரவில்லை. கடைசியில் முன்னாள் பங்குதாரர்கள் நூற்றுக்கணக்கானோர், வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக்கொடுத்துத்தான் வழக்கிலிருந்து தப்பினார்கள். ஆகவே புது நிறுவனத்தின் மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள். விலகினால் மூலதனம் எத்தனை தவணையில் திரும்பும், அலுவலக வாடகைக்கும் வங்கிக் கடனுக்கும் நீங்கள் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போடவேண்டுமா என்று கேளுங்கள். ஒரு நல்ல ஆடிட்டர் அரை நாளில் பார்த்துச் சொல்லிவிடுவார். அதற்கு நான் எதற்கு?

என்னைப் பிடித்துக்கொண்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள். அந்தப் பட்டியலும் அந்த ஜூனியர்களும்.

போன மாதம் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது அப்படியொரு பட்டியல் கையில் அகப்பட்டது. பத்தொன்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. தட்டச்சு செய்தது நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. என் சீனியர் பங்குதாரராக இன்னொரு நிறுவனத்துக்குப் போனார், என்னையும் கூப்பிட்டார், போனேன். யோசிக்கக்கூட இல்லை. ஒரு வாதுரையில் எதை எழுதாமல் விடவேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர். நீதிமன்றத்தில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பட்டியலை நம்பினார்.

பத்தொன்பதில் வந்தது ஏழு. நான்கு பேரை எடுக்கவே முடியவில்லை, புது நிறுவனம் ஏற்கெனவே அவர்களுடைய எதிர்த்தரப்புக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் புது இடத்துக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுகிறோம் என்றார்கள், பேசவில்லை. மீதி ஐந்து பேர் பழைய இடத்திலேயே இருந்துவிட்டார்கள். அவர்களுடைய வழக்குகள் பாதியில் நின்றன, கட்டுகள் அங்கே இருந்தன, அந்தக் கட்டுகளை மனப்பாடமாக அறிந்த இன்னொருவரும் அங்கேயே இருந்தார். அவர்கள்மேல் என்ன தப்பு?

‘என் கட்சிக்காரர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடுமாடா அவர்கள், ஓட்டிக்கொண்டு போக? அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில் 5.6 என்று ஒன்று உண்டு. விலகிப்போகும் வழக்கறிஞர் இனித் தொழில் செய்யக்கூடாது, பழைய கட்சிக்காரரைத் தொடக்கூடாது என்றெல்லாம் ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்க அது விடாது. வழக்கறிஞரின் வசதிக்காக மட்டும் எழுதிய விதி என்று நினைக்காதீர்கள். தனக்கு வேண்டிய வழக்கறிஞரைக் கட்சிக்காரரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அதன் காரணம். உங்களோடு வருவதற்கு அவர்களுக்கு இருக்கும் அதே சுதந்திரம் வராமல் இருப்பதற்கும் இருக்கிறது.

அதைவிட, விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்கிறீர்களே! நலன் முரண் இருக்கிறதா, அதாவது புது நிறுவனம் அவர்களுடைய எதிர்த்தரப்புக்கு வேலை பார்க்கிறதா என்று சோதிக்க ஓரளவு பெயர்களைச் சொல்லவேண்டிவரும், சரி. யார் எவ்வளவு கட்டணம் கொடுக்கிறார் என்பது உங்களுடையதா, வெளியே கொடுக்க? இன்று வரை நீங்கள் பழைய நிறுவனத்தின் பங்குதாரர். துரோகத்தை நினைத்துத் தூக்கம் கெட்டதாக எழுதியிருந்தீர்கள். கெடவேண்டியது இதற்கு.

பதினோராவது மாதத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், எதிர்பார்த்த வேலை வரவில்லை என்று. என் சீனியர் அங்கேயே இருந்தார். அவருக்கு இரண்டு ஆண்டு உறுதி இருந்தது. எனக்கு அவர் இருந்தார், அவ்வளவுதான். என் புத்தகப் பையை அவரே தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பழைய இடத்தில் என் நாற்காலியில் வேறொருவர் வந்துவிட்டிருந்தார். அதற்குப்பிறகுதான் எழுத ஆரம்பித்தேன். என் வாசகர்கள் யாரைச் சபிக்கவேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று என்னையே கேட்டுப்பார்க்கிறேன். தட்டச்சு செய்தபோது ஏழெட்டுப் பெயர்களில் எனக்கே சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. ஜூனியர் கேட்கமாட்டான். உங்கள் ஜூனியர்கள் இருவரும் ‘சரி’ என்றது எதை வைத்து என்று நினைக்கிறீர்கள்? புது நிறுவனம் அவர்கள் பெயரில் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறதா? உங்களுக்கு வேலை குறைந்தால் அங்கே வேறு யாராவது அவர்களுக்கு வேலை கொடுப்பார்களா?

போகலாமா என்று கேட்டீர்கள். போங்களேன். அதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக அவர் ஏன் வராமல் போகலாம் என்று எழுதுங்கள். எஞ்சும் தொகையில் மூன்று பேர் பிழைக்கமுடியுமா என்று கூட்டிப்பாருங்கள். பெயர்களை மறைத்து, அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் அவர்கள் இருவரிடமும் காட்டுங்கள். அதற்குப்பிறகும் வருகிறோம் என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.