கையோடு கழன்று வந்த சாவிக் குமிழ்

கேள்வி: என் தகப்பனார் ஆசிரியராக இருந்த காலத்தில், 1960களில் வாங்கிய சுவிஸ் கைமணிக்கூடு ஒன்றை நான் நாள்தோறும் காலையில் சாவி கொடுத்துக் கட்டி வருகிறேன். சில மாதங்களுக்கு முன் நேரத்தைத் திருத்துவதற்காகச் சாவிக் குமிழை வெளியே இழுத்தபோது, அது தண்டுடன் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. நகரில் மணிக்கூடு திருத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். குமிழ் பழுது என்று சொல்லிப் புதிய குமிழ் போட்டுத் தந்தார். இரண்டு வாரத்தில் மறுபடியும் தண்டும் குமிழுமாக வெளியே வந்துவிட்டது. இம்முறை சுப்பர் குளூ வைத்து நிரந்தரமாக ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
— வாசகர், காரைநகர்

பதில்: சம்மதிக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான விடை இருக்கிறது. குமிழ் தனியே வரவில்லை, தண்டுடன் வந்தது என்று இரண்டு தடவையும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குமிழும் தண்டும் ஒன்றையொன்று உறுதியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. பிடியை விட்டது இயந்திரத்தின் உள்ளே தண்டைப் பிடித்துவைத்திருக்கும் சிறு நெம்பு. நல்ல குமிழை மாற்றியதால் அந்த நெம்பின் குறை தீரவில்லை.

குமிழின் உள்ளே மரை இருக்கும், தண்டின் வெளிமுனை அந்த மரையில் ஏறி நிற்கும். தண்டின் நடுப்பகுதியில் ஒரு குறுகிய பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். நான் சொன்ன நெம்பின் முளை அந்தப் பள்ளத்துக்குள் அமர்ந்துகொண்டு, நீங்கள் குமிழை இழுக்கும்போது தண்டைக் குறிப்பிட்ட தூரம் மட்டும் வரவிட்டு நிறுத்துகிறது. அதே அசைவில், தண்டின் சதுரப் பகுதியில் வழுக்கி ஓடும் சிறு பற்சக்கரம் சாவி ஏற்றும் சக்கரத்தை விட்டு விலகி, முட்களை நகர்த்தும் சக்கரங்களோடு சேர்கிறது. குமிழை இழுக்கும்போது விரலில் உணரும் 'டிக்' என்ற தட்டல் இந்த நெம்பு ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்கு மாறும் தட்டலே.

1960களின் பெரும்பாலான கைமணிக்கூடுகளில் இந்த நெம்பை ஒரு திருகாணி தாங்கி நிற்கும். பின்மூடியைத் திறந்தால், தண்டு உள்ளே நுழையும் இடத்துக்கு அருகிலேயே அதன் தலை தெரியும். தண்டை வெளியே எடுப்பதற்கு அதை ஏறத்தாழ ஒரு சுற்று தளர்த்தினால் போதும். பல ஆண்டுப் பாவனையில் அது தானாகவும் சற்றுத் தளர்வதுண்டு. அதுதான் காரணமானால், அதை இறுக்கிவிடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் நீங்களாக அதில் கை வைக்க வேண்டாம். இறுக்குவதாக நினைத்து எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் நெம்பு கழன்று முகப்பின் அடியில் விழுந்துவிடும். பிறகு முட்களையும் முகப்பையும் கழற்றாமல் அதைத் திரும்ப அமர்த்த முடியாது.

திருகாணி இறுக்கமாக இருந்தும் தண்டு கழன்றால், நெம்பின் முளையோ தண்டின் பள்ளமோ தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். தண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பாருங்கள். பள்ளத்தின் ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தால் தண்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் நெம்பை. அதே இயந்திரத்துக்குரிய தண்டாகத்தான் இருக்க வேண்டும். புதிய தண்டு தேவைக்கு மேல் நீளமாகவே வரும். அதைச் சிறிது சிறிதாக அரத்தால் குறைத்துப் போட்டுப் பார்ப்பதில்தான் திருத்துபவரின் பொறுமை தெரியும். நீளம் கூடினால் குமிழுக்கும் மணிக்கூட்டின் வெளிக்கூட்டுக்கும் இடையில் வெளி விழுந்து வியர்வையும் தூசியும் உட்புகும். நீளம் குறைந்தாலோ குமிழ் கூட்டில் முட்டிக்கொள்ள, தண்டு முழுமையாக உள்ளே போய்ச் சேராது.

சுப்பர் குளூவைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பசை உலரும்போது எழும் ஆவி, கண்ணாடியின் உட்புறத்திலும் முகப்பிலும் வெண்படலமாகப் படியும். பசை தண்டின் வழியே உள்ளே கசிந்துவிட்டால், அடுத்தமுறை தண்டை எடுப்பதே பெரும் பாடாகும். குமிழ் மட்டும் மரையிலிருந்து சுழன்று கழல்கிற வேறொரு பழுதுக்கு, மரைப்பூட்டுப் பசையில் ஊசிமுனையளவு வைத்து இறுக்குவது முறையான வேலைதான். ஆனால் உங்கள் பழுது அதுவல்ல.

இன்னொரு பழுதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய குமிழ்களைத் தூக்கி எறிவது அதனால்தான். தண்டு முறிந்து அதன் முனை குமிழின் மரைக்குள்ளேயே சிக்கிக்கொண்டால், பித்தளைக் குமிழாக இருக்கும் பட்சத்தில், அதை இளஞ்சூடான கெட்டியான படிகாரக் கரைசலில் போட்டுவைத்தால் உருக்குத் தண்டு கரைந்து போகும், பித்தளை அப்படியே நிற்கும். சில மணிநேரமும் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். உருக்குக் குமிழுக்கு இது ஆகாது. உங்கள் தகப்பனாரின் மணிக்கூட்டில் இருந்த பழைய குமிழ் திருத்தியவரிடம் இன்னும் இருந்தால், அதைக் கேட்டு வாங்கி மீண்டும் போடுவியுங்கள். அதில் பழுது ஏதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கூட்டுக்கென்று செய்த குமிழ் மறுபடி கிடைப்பது அரிது.

காரைநகரில் இருப்பவர் என்பதால் ஒன்று கேட்கிறேன்: கழன்ற தண்டில் செம்பழுப்புத் துகள் தெரிகிறதா? கடற்காற்றும் வியர்வையும் முதலில் உட்புகுவது குமிழின் வழியாகத்தான். துரு தெரிந்தால் தண்டை மட்டும் மாற்றிவிட்டு மூடக்கூடாது. அந்தத் துகள்கள் சக்கரங்களுக்கிடையில் போயிருக்கும். இயந்திரம் முழுவதையும் பிரித்துக் கழுவி எண்ணெய் இட்டே கூட்ட வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறிகள் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில், பெட்டகங்களில் கிடந்த சாவி மணிக்கூடுகளைப் பலர் என்னிடம் கொண்டுவந்தார்கள். இயந்திரம் நன்றாக இருந்தும், துருப்பிடித்த தண்டு ஒன்றினாலேயே ஓடாமல் நின்றவை அவற்றில் பல.

கேள்வி: என் சீக்கோ 5 மணிக்கூட்டின் குமிழை எவ்வளவு சுற்றினாலும் சாவி ஏறுவதாகத் தெரியவில்லை. குமிழ் பழுதா?
— வாசகி, கோப்பாய்

பதில்: பழுதாக இருக்காது. 7009, 7எஸ்26 போன்ற இயந்திரங்களைக் கொண்ட சீக்கோ 5 மணிக்கூடுகளில் கையால் சாவி கொடுக்கும் ஏற்பாடே இல்லை. கை அசையும்போது உள்ளே சுழலும் எடைத்தட்டுத்தான் சுருளை ஏற்றுகிறது. பின்மூடியின் வெளிப்புறத்தில் இயந்திர எண் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். குமிழை முதல் நிலைக்கு இழுக்கும்போது திகதியும், இரண்டாம் நிலையில் முட்களும் ஒழுங்காக நகர்ந்தால் குமிழும் தண்டும் நலமாகவே இருக்கின்றன. நின்றுபோயிருந்தால் அரை நிமிடம் மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் மட்டும் திகதியை மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் திகதிச் சக்கரம் தானாக நகரத் தொடங்கியிருக்கும், குமிழால் திருப்பினால் அதன் பல் முறியக்கூடும்.